விரைநீர் கனூவுக்கு ஃபோம் தேடிப் பொருத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாறைகளுக்கிடையே பாய்ந்து இறங்கும் ஆறுகளுக்கென வடிவமைக்கப்பட்ட, ஒருவர் மட்டும் மண்டியிட்டு ஓட்டும், மேல்மூடி இல்லாத கனூ ஒன்று ஒரு படகோட்டியின் கைக்கு வெற்று உடலாக வந்து சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். முந்தைய உரிமையாளர் சேணத்தையும் (படகோட்டி கால் பரப்பி அமரும் ஃபோம் கட்டை) முழங்கால் மெத்தைகளையும் பிய்த்தெடுத்திருந்ததால், அடித்தளத்தில் பழைய பசை கறுத்துத் திட்டுத்திட்டாகப் படிந்து கிடந்தது. தொடைகளைப் படகோடு பிடித்து வைக்கும் தொடைப்பட்டைகளை மாட்டும் டி வளையங்களும், கவிழ்ந்தால் நீர் புகாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும் காற்றுப்பைகளை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கான துளைகளும் மட்டும் நல்ல நிலையில் இருந்தன.

படகின் உடல் ராயலெக்ஸால் ஆனது. நடுவே ஏபிஎஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கின் நுரை, அதன் இருபுறமும் ஏபிஎஸ் தகடு, வெளியே வினைல் தோல் என்று அடுக்கப்பட்ட இந்தப் பொருளின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கெட்டுப்போனால் இதே பொருளில் புதிய உடல் வாங்க வழியில்லை என்பதால், உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய எந்தக் கரைப்பானையும் உள்ளே பயன்படுத்துவதில்லை என்பது தொடக்கத்திலேயே முடிவாயிற்று. அசிட்டோன் ஏபிஎஸ்ஸை அரிக்கும் என்பதால் அது முதலிலேயே விலக்கப்பட்டது.

படகோட்டியின் எடை 80 கிலோவை ஒட்டியது. நிதானமான ஆறுகளில் நல்ல பழக்கம் உண்டு; பன்னாட்டு ஆற்று வகைப்பாட்டில் இரண்டாம், மூன்றாம் நிலை நீரோட்டங்களில் இந்தப் படகை ஓட்டுவது நோக்கம். இடது முழங்காலில் பழைய வலி ஒன்று இருந்தது. இதற்கு முன் பல படகுகளுக்கு உட்பொருத்தம் செய்து கொடுத்த மூத்தவர் ஒருவர் துணைக்கு வந்தார். அவர்கள் வேலை செய்ததை உடனிருந்து குறித்துக்கொண்டது மட்டுமே என் பங்கு.

படகு எதைக் கேட்டது

திறந்த கனூவில் ஃபோம் உட்காரும் வசதிக்கான மெத்தை மட்டும் அன்று. படகோட்டி சேணத்தின் மீது இரு கால்களையும் பரப்பி மண்டியிட்டு, முழங்கால்களைப் படகின் பக்கச்சுவர் ஓரம் வரை அகற்றி வைத்து, தொடைப்பட்டையை இறுக்கிய பிறகுதான் இடுப்பின் சாய்வு படகின் சாய்வாக மாறுகிறது. சுழலுக்குள் நுழையும்போது படகைச் சரியான பக்கம் சாய்க்க முடியாமல் போனால் நீரோட்டம் விளிம்பைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்துவிடும். ஆகவே ஃபோம் நெகிழ்ந்து விலகுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் கட்டுப்பாட்டில் ஏற்படும் இழப்பு என்று மூத்தவர் சொன்னார். அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆயத்தச் சேணம் வாங்குவது பற்றியும் பேசப்பட்டது. அது நல்ல வழிதான். நேரம் இல்லாதவர் தயங்காமல் அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஃபோமை அனுப்பும் கட்டணம் எடையைப் பார்த்து வருவதில்லை, அது அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்து வருகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவான சேணத்துக்குப் பெரிய பெட்டிக்கான கூலியைக் கொடுத்த பின்பும், அதன் அடிப்பகுதியை இந்தப் படகின் வளைவுக்கு ஏற்பச் செதுக்க வேண்டியிருக்கும். எனவே ஃபோமை வாங்கிச் சொந்தமாகச் செய்வதென்று தீர்மானித்தார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் உயரம் தெரிய வேண்டும். பலகைத் துண்டுகளையும் மடித்த பாய்களையும் படகுக்குள் அடுக்கி, ஆற்றில் அணியும் காலணியோடு படகோட்டியை மண்டியிட வைத்தார்கள். உயரம் கூடினால் முழங்காலுக்கு இதம், ஆனால் உடலின் எடைமையம் மேலே போய்ப் படகு தள்ளாடும். குறைந்தால் படகு உறுதியாக நிற்கும், ஆனால் கணுக்காலும் முழங்காலும் மடிந்து வலிக்கும். இடது முழங்காலை முன்னிட்டு 22 செ.மீ. என்று நின்றது. அதற்கு 70 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட கட்டை தேவைப்பட்டது. ஏறத்தாழ 31 லிட்டர் கன அளவு.

கிடைத்த ஃபோம்களும் சோதனைகளும்

படகுப் பொருள் விற்பவர்களிடம் மினிசெல் என்ற பெயரில் கிடைக்கும் ஃபோம் என்பது குறுக்குப் பிணைப்புள்ள (மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட), மூடிய கண்ணறைகளை, அதாவது ஒன்றோடொன்று திறக்காத நுண்குமிழ்களைக் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம். படகுக்குப் பொதுவாகப் பயன்படும் வகையின் அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோ அளவில் இருக்கும். தேவையான தடிமனில் அது அப்போது கிடைக்கவில்லை. ஆகவே பெட்டிகளுக்குள் வைக்கும் பொதிஃபோம் வெட்டித் தரும் பட்டறை ஒன்றின் கழிவுத் துண்டுகளிலிருந்து தேட ஆரம்பித்தார்கள். அங்கே எந்தத் துண்டிலும் பெயர்ச்சீட்டு இல்லை. நீர் ஏறாதது என்று எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார்கள். அது எல்லாவற்றுக்கும் உண்மையாக இல்லை.

சாம்பல் நிறத் தகடு, வெள்ளைக் கட்டை, ஈவிஏ என்னும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் ஃபோமாலான கறுப்புப் பாய், வெளிர்மஞ்சள் பாலியூரிதேன் மெத்தை, இவற்றோடு படகோட்டி தானே கொண்டுவந்த தெர்மோகோல் என ஐந்து மாதிரிகள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரம் வெட்டப்பட்டது. அது சரியாக ஒரு லிட்டர் என்பதால், சமையலறைத் தராசில் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்ற அடர்த்தி. சாம்பல் துண்டு 33 கிராம் காட்டியது. வெள்ளை அதைவிடச் சற்றே கனம். மினிசெல்லின் வழக்கமான அடர்த்தியோடு சாம்பல் ஒத்துப்போனது நம்பிக்கை தந்தாலும், அடர்த்தி மட்டும் ஒரு ஃபோமின் இனத்தைச் சொல்லிவிடாது.

வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வேறுபாடு துலங்கியது. சாம்பல் ஃபோமின் கண்ணறைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையானவை. விரலால் தடவினால் மென்தோல் போல வழவழப்பாக இருந்தது. நகத்தால் அழுத்திய பள்ளம் நிமிடத்துக்குள் மேலெழுந்தது. வெள்ளைக் கட்டையில் தனித்தனிக் குமிழ்கள் கண்ணுக்குத் தெரிந்தன, அழுத்தியபோது மொறுமொறுவென்று சத்தம் வந்தது, நகத்தடம் அப்படியே தங்கிவிட்டது. இது எத்தஃபோம் வகையைச் சேர்ந்த, குறுக்குப் பிணைப்பு இல்லாத பாலிஎத்திலீன் என்று மூத்தவர் கண்டுகொண்டார்.

அடுத்து, மாதிரிகளை நீர் நிறைந்த வாளியில் கல் வைத்து அமிழ்த்தி ஒரு நாள் விட்டு, துடைத்து எடைபோட்டார்கள். பாலியூரிதேனுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. நீருக்குள் வைத்துப் பிழிந்த கணமே குமிழ் விட்டு நீரைக் குடித்தது. திறந்த கண்ணறை கொண்ட அந்த மெத்தை படகுக்குள் நனைந்த சுமையாகத்தான் இருக்கும். சாம்பல் துண்டின் எடை ஏறவில்லை என்றே சொல்லலாம். வெள்ளையில் சிறிது ஏறியது. வெட்டுப்பட்ட பெரிய குமிழ்கள் மேற்பரப்பில் நீரைத் தேக்கிக்கொண்டதே காரணம், உள்ளே ஏறவில்லை. பிறகு இரவு முழுவதும் துண்டுகளின் மேல் செங்கல்லை அடுக்கிவைத்துக் காலையில் எடுத்தபோது, சாம்பல் பழைய தடிமனுக்குத் திரும்பியது. வெள்ளையில் செங்கல்லின் விளிம்பு பதிந்த கோடு மறையவில்லை.

தெர்மோகோலைச் சேணத்தின் அடியில் நிரப்பினால் சாம்பல் ஃபோம் மிச்சமாகும் என்பது படகோட்டியின் எண்ணம். மூத்தவர் மறுத்துப் பேசவில்லை. பயன்படுத்தப்போகிற கான்டாக்ட் பசையை (இரு முகங்களிலும் பூசிக் காயவிட்டு, தொட்டவுடன் ஒட்டும் பசை) தூரிகையில் தொட்டு ஒரு துண்டின் மேல் பூசினார். பூசிய இடம் உடனே சுருங்கி உள்வாங்கி, ஓரங்கள் பாகாக இளகி, கையளவு பள்ளம் உண்டாயிற்று. பசையில் உள்ள கரைப்பான், தெர்மோகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். அந்த யோசனை அதோடு முடிந்தது.

தேர்வும் காரணங்களும்

ஒரே ஃபோமைப் படகு முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தை இருவரும் கைவிட்டார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் பயன் மிகுந்தது இதுவே என்பது என் கருத்து. உடல் எடையைத் தொடர்ந்து தாங்க வேண்டிய சேணத்துக்கு மீண்டெழும் சாம்பல் ஃபோம். உள்ளங்காலின் முன்பகுதி உதைத்து நிற்கும் கால்கட்டைகளுக்கு வெள்ளை எத்தஃபோம். அங்கே விறைப்புத்தான் தேவை, நகத்தடம் பதிவதால் கேடில்லை. முழங்காலுக்குச் சாம்பல் ஃபோமைக் கிண்ணமாகச் செதுக்கி, அதன்மேல் குளிர்நீரில் அணியும் பழைய நீருடையிலிருந்து வெட்டிய நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரின் ஒரு படலம், வழுக்காமல் பிடிப்பதற்காக. கறுப்பு ஈவிஏ பாய் இடுப்பின் இருபுறமும் இடைவெளி நிரப்பும் ஆப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது.

சாம்பல் ஃபோம் 5 செ.மீ. தகடாக மட்டுமே கிடைத்ததால் சேணத்தை அடுக்கி ஒட்ட வேண்டியிருந்தது. தகடுகளைப் படுக்கையாக அடுக்குவதா, நட்டுக்குத்தாகப் பக்கம் பக்கமாக நிறுத்துவதா என்பதில் கருத்து வேறுபட்டது. நட்டுக்குத்தாக நிறுத்தினால் ஒவ்வொரு தகடும் நேரடியாக அடித்தளத்தில் ஒட்டும், பக்கவாட்டு இழுப்பில் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் நழுவ வழியில்லை. ஆனால் பசைக்கோடுகள் உட்காரும் முகத்தில் வந்து நிற்கும். உப்புத்தாள் ஃபோமைத் தேய்க்கும் வேகத்தில் பசைக்கோட்டைத் தேய்க்காது என்பதால் அவை வரம்பு வரம்பாகத் துருத்தும். நெடுநேரம் உட்காரும் இடத்தில் அது வேண்டாம் என்று படுக்கை அடுக்கே தேர்வாயிற்று. மேல் தகடு முழுத்தடிமனாக இருக்க வேண்டும், செதுக்கல் அந்தத் தடிமனைத் தாண்டி முதல் பசைக்கோட்டைத் தொடக் கூடாது என்பது உடன் வைத்த நிபந்தனை.

சேணம் மிதப்புக்கும் உதவும். செதுக்கிய பின் இருபது லிட்டருக்கு மேல் எஞ்சும் ஃபோம், நீருக்குள் ஏறத்தாழ அத்தனை கிலோ தூக்குவிசை தரும். ஆனால் கவிழ்ந்த கனூவுக்குள் பல நூறு லிட்டர் நீர் நுழையும். அதை வெளியே நிறுத்தும் வேலையைக் காற்றுப்பைகள்தாம் செய்ய முடியும் என்பதால், ஃபோம் கூடுதலாக இருக்கிறது என்று சிறிய பைகளை வாங்க முனைந்த யோசனை ஏற்கப்படவில்லை.

ஒட்டியதும் செதுக்கியதும்

தகடுகளின் இரு முகங்களிலும் தொழிற்சாலையில் உருவான வழவழப்பான தோல் இருந்தது. அதன்மேல் பசை பிடிக்காது என்பதால் 60-ஆம் எண் உப்புத்தாளால் முழுவதும் தேய்த்தெடுத்தார்கள். பிறகு இரு முகங்களிலும் மெல்லிய பூச்சு, அது விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின் இரண்டாம் பூச்சு, அதுவும் காய்ந்த பின் இணைப்பு. கான்டாக்ட் பசையில் முகங்கள் தொட்டுவிட்டால் நகர்த்திச் சரிசெய்ய முடியாது. எனவே இரண்டுக்கும் நடுவே மெழுகுத்தாளை வைத்து, ஓரங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகே தாளைச் சிறிது சிறிதாக உருவினார்கள். கதவு, சன்னல் திறந்த இடத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், ஆவி வடிகட்டும் முகமூடியோடு இந்த வேலை நடந்தது. பசையின் ஆவி தலையைச் சுற்ற வைப்பதோடு எளிதில் தீப்பற்றவும் கூடியது.

ஒரு நாள் கழித்துச் செதுக்கினார்கள். ரொட்டி அறுக்கும் பல்கத்தியால் பெருவடிவம், அரத்தால் வளைவு, உப்புத்தாளால் முடிப்பு. தொடை அணையும் இரு பக்கங்களையும் சிறிது எடுத்து, உட்கார்ந்து பார்த்து, மீண்டும் எடுத்தார்கள். மிகையாக வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இந்தக் கட்டத்தில் அவர்கள் காட்டிய பொறுமை பாராட்டத்தக்கது.

ஒட்டுவதற்கு முன் சேணத்தைப் பட்டையால் மட்டும் கட்டி, படகை அமைதியான நீரில் மிதக்கவிட்டு, படகோட்டியை உள்ளே மண்டியிட வைத்தார்கள். கரையிலிருந்து மூத்தவர் முன்முனையும் பின்முனையும் நீரில் எவ்வளவு அமிழ்கின்றன என்று பார்த்துச் சொல்லச் சொல்ல, சேணம் முன்னும் பின்னும் நகர்த்தப்பட்டது. சில செ.மீ. மாற்றத்துக்கே முன்முனை மூழ்குவதும் எழுவதும் தெளிவாகத் தெரிந்தது. சமநிலை வந்த இடத்தை நாடாவால் குறித்துக்கொண்டார்கள். பின்னர் அடித்தளத்தில் கெட்டியாக இருந்த பழைய பசையைச் சுரண்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, குறித்த இடத்தில் ஒட்டினார்கள்.

நீரில் கண்டவை

முதலில் அமைதியான நீரில் வெளியேறும் பயிற்சி. படகைக் கவிழ்த்து, தொடைப்பட்டையின் விடுவிப்பை இழுத்து, இரு கால்களும் சேணத்தின் பக்கங்களில் சிக்காமல் வெளிவருகின்றனவா என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். இடுப்பு ஆப்புகளுள் ஒன்று இறுக்கமாக இருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தியதால், அதை அங்கேயே கழற்றிவிட்டார்கள். பொருத்தம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், விடுபட முடியாத பொருத்தத்துக்குப் படகில் இடமில்லை.

ஆற்றில் படகு எதிர்பார்த்தபடி கீழ்ப்படிந்தது. முழங்கால் கிண்ணங்கள் வலியைக் குறைத்தன, கால்கட்டைகள் அசையவில்லை. ஆனால் சில பயணங்களுக்குப் பின், வலப்பக்கம் சாய்க்கும்போது சேணத்தின் முன்பகுதியில் மெல்லிய அசைவு இருப்பதாகப் படகோட்டி சொன்னார். கரையில் ஏற்றிப் பார்த்தபோது சேணத்தின் வலது முன்மூலை அடித்தளத்திலிருந்து எழும்பியிருந்தது, இடுக்கில் மணல் ஏறியிருந்தது.

பழுதின் காரணம்

எழும்பிய மூலையைக் கவனமாகத் தூக்கிப் பார்த்ததில், பசைப்படலம் முழுவதும் ஃபோமிலேயே இருந்தது. அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. அடித்தளத்தில் பசையின் சுவடே இல்லை. இது முக்கியமான தடயம். ஃபோம் கிழிந்து அதன் துணுக்குகள் அடித்தளத்தில் தங்கியிருந்தால் ஃபோமின் வலிமை போதவில்லை என்று பொருள். பசைப்படலமே நடுவில் பிளந்து இரு பக்கமும் இருந்தால் பசை சரியாகக் காயவில்லை எனலாம். இங்கே அடித்தளம் பசையை ஏற்கவே இல்லை.

அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தபோது நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. வினைல் மினுங்குவதற்காக முன்னர் யாரோ பூசிய திரவத்தின் மிச்சமாக இருக்கலாம் என்று மூத்தவர் கருதினார். ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தது அதற்குப் போதவில்லை. இரண்டாவது காரணமும் இருந்தது. படகின் அடித்தளம் முன்னோக்கி மெல்ல மேலெழும் வளைவு கொண்டது. சேணத்தின் அடியோ அங்கே ஏறக்குறைய நேராக இருந்தது. அழுத்தி ஒட்டிய ஃபோம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருந்ததால், பலவீனமான பசைக்கோடு மூலையிலிருந்து உரியத் தொடங்கியிருக்கிறது.

சேணம் முழுவதையும் பெயர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. பின்பகுதியை இரு கைகளாலும் பற்றி இழுத்தும் அது அசையவில்லை. நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தைப் பெயர்த்தால் ஃபோம் கிழியும், வினைலும் சேதமாகலாம் என்பதால், முன்பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மெல்லிய கம்பியால் அறுத்து விடுவித்தார்கள். அடித்தளத்தை 120-ஆம் எண் உப்புத்தாளால் மினுமினுப்பு மங்கும் வரை மட்டும் லேசாக உரசி, துணியை மாற்றி மாற்றி ஆல்கஹாலால் துடைத்து, தெளித்த நீர் திரளாமல் படலமாகப் பரவும் வரை திரும்பச் செய்தார்கள். வளைவுக்கு, உப்புத்தாளைச் சொரசொரப்பான முகம் மேலே இருக்க அடித்தளத்தில் விரித்து, விடுவித்த பகுதியை அதன்மேல் அழுத்தியபடி தாளை முன்னும் பின்னும் இழுத்தார்கள். படகே தன் வளைவை ஃபோமில் செதுக்கிக்கொள்ளும் எளிய முறை இது. இடைவெளி மறைந்த பின் மீண்டும் இரு பூச்சு, இணைப்பு, ஒரு நாள் முழுவதும் மணல் மூட்டையின் பாரம்.

பின்விளைவு

அந்தப் பருவம் முழுவதும் சேணம் பெயரவில்லை. பருவ முடிவில் அளந்தபோது உட்காரும் இடத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் அமுங்கியிருந்தது. ஓட்டும்போது அது உணரப்படவில்லை. முழங்கால் கிண்ணங்களில் நியோப்ரீன் ஓரங்கள் சற்று உரிந்தன, ஃபோம் நலமாக இருந்தது. கால்கட்டைகளில் காலணியின் தடம் ஆழப் பதிந்து, அதுவே நல்ல பிடிப்பாயிற்று. வெயிலில் பசை இளகும், காற்றுப்பைகளும் உப்பி வெடிக்கலாம் என்பதால், படகைக் கரையேற்றியதும் பைகளின் காற்றைச் சிறிது விடுவதும் உட்புறத்தை நிழலில் வைப்பதும் பழக்கமாக்கப்பட்டன.

அடுத்த முறை மாற்றப்படுபவை

அடித்தளத்தின் வளைவைத் தேய்த்துப் பொருத்துவது, சேணத்தைச் செதுக்குவதற்கும் முந்தைய வேலையாக இருக்கும். கட்டை சதுரமாக இருக்கும்போது அதை அழுத்திப் பிடிப்பது எளிது. உயரம் எவ்வளவு குறைகிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். நீர் பரவுகிறதா என்ற சோதனை, ஒட்டப்போகிற பரப்பு முழுவதிலும் செய்யப்படும். அத்தோடு, ஃபோமின் சிறு பட்டை ஒன்றைக் காற்றுப்பை மறைக்கும் இடத்தில் ஒட்டி, மறுநாள் உரித்து, ஃபோம் கிழிகிறதா பசை கழல்கிறதா என்று பார்த்த பின்னரே சேணம் ஒட்டப்படும்.

வாங்கும்போது ஃபோமின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, குறுக்குப் பிணைப்பு உண்டா, அடர்த்தி என்ன, முழுத்தடிமன் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்பதாகவும், மொத்தமாக எடுப்பதற்கு முன் ஒரு லிட்டர் துண்டை மட்டும் வாங்கி வந்து சோதிப்பதாகவும் படகோட்டி முடிவு செய்திருக்கிறார். வெட்டி எஞ்சிய சாம்பல் துண்டுகளை அவர் எறியவில்லை. கிண்ணங்களைப் புதுப்பிக்கவும் கழற்றிய இடுப்பு ஆப்பை மெல்லியதாகச் செய்யவும் அவை போதும்.

அவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த படகு பாலிஎத்திலீன் உடல் கொண்டது. அந்தப் பரப்பில் கான்டாக்ட் பசை நம்பும்படி பிடிக்காது என்பதால், அங்கே சேணத்தை ஒட்டுவதில்லை, பக்கச்சுவர்களில் திருகாணியால் பொருத்திய தாங்கிகளுக்கு இடையே பட்டையால் இறுக்குவது என்று மூத்தவரும் அவரும் முடிவெடுத்து, அதற்கேற்பச் சேணத்தின் அடியை அகலமாக வைக்கும் அளவுகளை எடுத்து வருகிறார்கள்.